பழைய சின்னக் காரும் அதன் எம்.ஓ.டி. வரலாறும்

பிரிட்டனில் பழைய கார் விற்கிறவர்கள் விளம்பரத்தில் தவறாமல் எழுதும் வரி ஒன்று உண்டு: "பன்னிரண்டு மாத எம்.ஓ.டி. இருக்கிறது." எம்.ஓ.டி. என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் கட்டாயச் சோதனை. இங்கே புதிதாக வந்து சேரும் நம்மவர்கள் அந்த வரியைப் படித்த உடனே பாதி நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அரசாங்கமே சோதித்துப் பார்த்த வண்டி, அப்புறம் என்ன கவலை என்ற எண்ணம். சோதிப்பது அரசாங்கம் அல்ல, அரசு அனுமதி பெற்ற தனியார் பட்டறை. அதுவும் சோதித்த நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. மறுநாள் காலையில் முன்சக்கரத்து ஸ்பிரிங் உடைந்துபோனால் சான்று செல்லும், வண்டிதான் செல்லாது.

நான் மெக்கானிக் அல்லன். ஆனால் நண்பர்கள் பழைய கார் வாங்கப் போகும்போதெல்லாம் வண்டி எண்ணை எனக்கு அனுப்பிவைப்பது வழக்கமாகிவிட்டது. காரணம், எம்.ஓ.டி. வரலாற்றைப் படிப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். வண்டி எண்ணைத் தட்டினால் போதும். 2005-க்குப் பிறகு நடந்த சோதனைகள், அப்போது மீட்டர் காட்டிய மைல், எதில் தோற்றது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என எல்லாம் இலவசமாகத் திரையில் வந்துவிடும். நம் ஊரில் சொந்தக் காருக்கு முதல் பதினைந்து ஆண்டுகள் எஃப்.சி. என்ற பேச்சே இல்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, முன்பின் தெரியாத ஒருவருடைய காரின் நோய்க்குறிப்பைப் படுக்கையில் சாய்ந்தபடி படிக்க முடிவது இன்னமும் அதிசயமாகத்தான் இருக்கிறது.

சோதனை தொடங்கியது 1960-இல், எர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது. பத்து வயதைத் தாண்டிய வண்டிகளின் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் மூன்றையும் பார்த்தார்கள். தோற்ற வண்டிகளின் எண்ணிக்கையைக் கண்டு மிரண்டுபோய் அடுத்த ஆண்டே வயது வரம்பை ஏழாகக் குறைத்தார்கள், 1967-இல் மூன்றாக்கினார்கள். இன்றும் மூன்றுதான். வட அயர்லாந்தில் நான்கு. அங்கே சோதனை நிலையங்களையும் அரசே நடத்துகிறது. டயர், சைலன்சர், உடற்பகுதித் துரு, புகை என்று பட்டியல் பிறகு நீண்டுகொண்டே போனது. 2018 மே மாதத்தில் குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று பிரித்தார்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் தோல்வி. சிறியது என்றால் பாஸ், ஆனால் எழுதி வைப்பார்கள். இவற்றுக்கும் கீழே "அட்வைசரி" என்று ஒன்று உண்டு. இப்போதைக்குச் சரி, கண் வைத்துக்கொள் என்று சோதகர் சொல்லிவிட்டுப் போவது. பழைய கார் வாங்குகிறவருக்குப் பாஸைவிட, ஃபெயிலைவிட, பெரிய புதையல் இந்த அட்வைசரிதான்.

சின்னக் கார் என்று பொதுவாகப் பேசாமல் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். டொயோட்டா அய்கோ, சிட்ரோயன் சி1, பூஜோ 107. மூன்றும் 2005-இல் வந்தவை. மூன்றும் செக் குடியரசின் கோலின் நகரில் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. பெட்ரோல் வண்டியில் 998 சிசி, மூன்று சிலிண்டர், டொயோட்டா எஞ்சின். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். பின்பக்கம் டிரம் பிரேக், முன்கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர், டிக்கிக் கதவு முழுக்கக் கண்ணாடி. முகப்பையும் விளக்கையும் சின்னத்தையும் மாற்றி மூன்று கடையில் விற்றார்கள். 2014-இல் இரண்டாம் தலைமுறை வந்தது. காப்பீடு மலிவு என்பதால் புதிதாக உரிமம் எடுத்த பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கப் பெற்றோர் முதலில் தேடுவது இந்த மூன்றில் ஒன்றைத்தான்.

"எந்த மாடல் எம்.ஓ.டி.யில் அதிகம் பாஸாகிறது" என்று அட்டவணை போடும் பத்திரிகைகள் ஏராளம். சோதனைகளை மேற்பார்க்கும் டிவிஎஸ்ஏ என்ற அரசு முகமை தரவுகளைப் பொதுவெளியில் வைத்திருப்பதால் யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். அந்த அட்டவணையில் இந்த உடன்பிறப்புகள் ஒரே வரியில் நிற்பதில்லை. அதே எஞ்சின், அதே சேசிஸ், அதே தொழிற்சாலை. பிறகு எப்படி வேறுபாடு வரும்? வளர்ப்பில் வருகிறது என்பது என் முடிவு. டொயோட்டா 2010 முதல் பிரிட்டனில் ஐந்தாண்டு வாரன்ட்டி கொடுத்தது. மற்ற இருவரும் மூன்றாண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். ஐந்து ஆண்டும் வாரன்ட்டியைக் காப்பாற்ற நினைப்பவர் ஒழுங்காக சர்வீஸ் செய்வார். சர்வீஸுக்குப் போன வண்டியில் தேய்ந்த டயரும் எரியாத பல்பும் எம்.ஓ.டி. வரை காத்திருக்காது. ஆக, அந்த அட்டவணை உரிமையாளரின் ஒழுக்கத்தை அளந்து காரின் பெயரில் எழுதி வைத்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. சோதகர் பார்க்கும்போது நம்பர் பிளேட்டு விளக்கு எரியவில்லை என்று வையுங்கள். அவரே ஒரு மணி நேரத்துக்குள் பல்பை மாற்றிவிட்டு பாஸ் போடலாம். ஆனால் ஏட்டில் முதலில் ஃபெயில், பிறகு பாஸ் என்று பதிவாகும். அடிப்பகுதி துருவேறி, சஸ்பென்ஷன் பொருத்தும் இடமே பொத்தலாகிப்போன வண்டிக்கும் ஃபெயில்தான். முதல் முயற்சித் தோல்வியைக் கூட்டிக் கணக்கிடும் அட்டவணைக்கு இரண்டும் ஒன்றே. இங்கே தோற்கும் கார்களில் பெரும்பகுதி விளக்கு, டயர், பிரேக், சஸ்பென்ஷன் ஆகிய நான்கில்தான் தோற்கின்றன. முதல் இரண்டும் ஐந்து நிமிடம் வண்டியைச் சுற்றி நடந்தால் எவருக்கும் தெரியக்கூடியவை. அந்த ஐந்து நிமிடத்தை நடக்காதவர்கள் எந்த மாடலை அதிகம் வாங்குகிறார்களோ அந்த மாடலுக்குக் கெட்ட பெயர்.

ஓட்டமும் ஒரு காரணம். ஆண்டுக்கு இருபதாயிரம் மைல் நெடுஞ்சாலையில் ஓடும் டீசல் காரையும், பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று மூன்று மைலுக்குள் சுற்றும் சின்னக் காரையும் வயதை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. ஜெர்மனியில் வாகனங்களைச் சோதிக்கும் டியூஃப் அமைப்பின் அறிக்கையில் ஒவ்வொரு மாடலின் குறை விகிதத்தோடு சராசரி ஓட்டத்தையும் போடுகிறார்கள். அது ஓரளவு நேர்மை. குறைந்த ஓட்டம் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. சில நிமிடமே ஓடும் எஞ்சின் சூடேறுவதற்குள் அணைக்கப்படுகிறது. சைலன்சருக்குள் தங்கும் ஈரம் ஆவியாகி வெளியேற நேரமில்லை. உள்ளிருந்தே துரு தின்கிறது. பனிக்காலத்தில் இங்கே சாலையில் உப்புத் தூவுகிறார்கள். வாரக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும் வண்டியின் பிரேக் டிஸ்க்கையும் டிரம்மையும் அந்த உப்பு விட்டுவைக்காது. "ஒரே பாட்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டியது" என்று விற்கப்படும் கார் பிரேக்கில் ஃபெயிலாவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

நண்பரின் மகள் ஒருத்திக்கு வாங்க நினைத்த 107 ஒன்றின் வரலாற்றைச் சொல்கிறேன். 2012 ஏப்ரலில் பதிவான வண்டி, வெள்ளி நிறம், விற்பவர் வீட்டு வாசலிலேயே வியாபாரம் செய்பவர். விளம்பரத்தில் வழக்கமான அந்த வரியோடு "கடைசி எம்.ஓ.டி.யில் ஓர் அட்வைசரிகூட இல்லை" என்றும் பெருமையாக எழுதியிருந்தார்.

2015-இல் முதல் சோதனை, சுத்தமான பாஸ். 2016-இல் பாஸ், ஆனால் முன் டயர் இரண்டும் தேய்ந்துகொண்டிருக்கின்றன என்று அட்வைசரி. 2017-இல் ஃபெயில்: அதே முன் டயர்கள். சட்டப்படி நடுவில் முக்கால் பங்கு அகலத்துக்கு 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும், இல்லை. எனக்கு இது டயரைப் பற்றிய செய்தியாகப் படவில்லை. ஓர் ஆண்டுக்கு முன்பே சொல்லியும், மழை விடாத ஊரில் வழுக்கை டயரோடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றிய செய்தி. டயருக்குச் செலவழிக்காதவர் எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றியிருப்பாரா?

2018-இல் மீண்டும் சுத்தம். அநேகமாகக் கை மாறியிருக்க வேண்டும். 2019-இல் பிரேக் குழாயில் துரு என்று அட்வைசரி. 2020 ஏப்ரல் சோதனையைக் காணோம், அக்டோபரில்தான் இருக்கிறது. அவசரப்பட்டு விற்பவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கொரோனா முடக்கத்தின்போது 2020 மார்ச் 30 முதல் காலாவதியான எம்.ஓ.டி.களுக்கு அரசே ஆறு மாத நீட்டிப்புக் கொடுத்தது. அந்த இடைவெளியில் மீட்டர் சில நூறு மைல்தான் நகர்ந்திருந்தது, அதுவும் பொருந்துகிறது. மைல் எண்ணிக்கையை ஆண்டுவாரியாக வரிசையாகப் பார்ப்பது நல்ல பழக்கம். ஏறிக்கொண்டே வந்த எண் ஓரிடத்தில் இறங்கினால் யாரோ மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள்.

2021-இல் முன்பக்க ஸ்பிரிங் உடைந்து ஃபெயில். லண்டனின் குண்டு குழிகளையும் வேகத்தடைகளையும் அறிந்தவர்களுக்கு இது காரின் குற்றமாகத் தோன்றாது. மாற்றினால் முடிந்தது. 2022-இல்தான் எனக்குப் பிடித்தமான அட்வைசரி வந்தது: பிரேக் குழாய் துருப்பிடித்திருக்கிறது, கிரீஸ் அல்லது வேறு பொருளால் மூடப்பட்டிருக்கிறது. சோதகர் எதையும் கழற்றவோ சுரண்டி எடுக்கவோ மாட்டார். கிரீஸுக்கு அடியில் குழாய் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது. பார்க்க முடியவில்லை என்பதைத்தான் அவர் அவ்வளவு நாகரிகமாக எழுதுகிறார். 2023-இல் அதே குழாய், அதே கிரீஸ், கூடவே பின் சஸ்பென்ஷனில் துரு.

2024-இல் எதுவுமே இல்லை. சுத்தமான பாஸ். சோதனை நடந்தது விளம்பரம் வருவதற்குச் சில நாள் முன்பு.

டயர் தேய்மானம் மறைந்தால் புது டயர் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். துரு தானாக மறையாது. குழாயை மாற்றியிருந்தால் ரசீது இருக்க வேண்டும். சோதனை எந்தப் பட்டறையில் நடந்தது என்று அறிய ஒரு வழி உண்டு: வண்டியின் பதிவுப் புத்தகமான வி5சி-யில் இருக்கும் பதினொரு இலக்க எண்ணை அதே இணையத்தளத்தில் கொடுத்தால் பட்டறையின் பெயர் தெரியும். விற்பவரிடம் கேட்டேன். புத்தகம் தன் தம்பி வீட்டில் இருப்பதாகச் சொன்னார். ரசீதும் தம்பி வீட்டில்தான் இருந்தது.

எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஒருவர் வடமேற்கு லண்டனில் பட்டறை வைத்திருக்கிறார். எம்.ஓ.டி. சோதிப்பதற்கும் அனுமதி பெற்றவர். அவரிடம் இந்த வரலாற்றைக் காட்டினேன். மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, சோதகருக்குச் சோதகர் கண் மாறும். துருவை ஒருவர் அட்வைசரி என்பார், ஒருவர் எழுதாமலே விடுவார். அது பொய் இல்லை. ஆனால் மூன்று பேர் எழுதியதை நாலாவது ஆள் எழுதவில்லை என்றால் நான் அந்த மூன்று பேரைத்தான் நம்புவேன்."

"அப்படியென்றால் சோதனைக்கு என்ன மதிப்பு, அண்ணா?"

"பிரேக்குக்கு மதிப்பு உண்டு. அது இயந்திரம் சொல்கிற எண்."

அவர் சொன்னது சரி. உருளைகளின் மேல் சக்கரத்தை நிறுத்தி பிரேக் விசையை அளக்கிறார்கள். 2010 செப்டம்பருக்குப் பிறகு வந்த கார்களுக்கு 58 சதவீதத் திறன் வேண்டும், அதற்கு முந்தியவற்றுக்கு 50. இங்கே கண்ணுக்கும் மனசுக்கும் வேலை இல்லை. புகைக்கும் அப்படித்தான். முன்கண்ணாடியில் ஓட்டுநருக்கு நேரான பகுதியில் 10 மில்லிமீட்டரைத் தாண்டிய கீறல் ஃபெயில், அதையும் அளந்துவிடலாம். மூட்டுகளின் ஆட்டம், ரப்பர் புஷ்ஷின் வெடிப்பு, துருவின் ஆழம் ஆகியவற்றில்தான் ஆளுக்கு ஆள் தீர்ப்பு மாறுகிறது. பழைய சின்னக் கார் மூப்படைவதும் சரியாக அந்த இடங்களில்தான்.

பட்டறையின் ஆதாயமும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழுதுபார்ப்பதும் அவர்களே, பழுது இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வதும் அவர்களே. காருக்கு அதிகபட்சச் சோதனைக் கட்டணம் 54.85 பவுண்டு, பல இடங்களில் அதைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள். குறைவாக வாங்கியதை ரிப்பேரில் எடுக்கத்தானே வேண்டும் என்று ஒரு சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. என் அனுபவத்தில் அதற்கு நேர்மாறான நோய்தான் அதிகம்: வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று கண்ணை மூடிக்கொள்வது. பொதுமக்கள் வண்டிகளையும் சோதிக்கும் மாநகராட்சி மையங்கள் சில ஊர்களில் இருக்கின்றன. அவர்கள் பொதுமக்கள் வண்டிக்கு ரிப்பேர் செய்வதில்லை. ஃபெயில் ஆக்குவதால் ஆதாயமில்லை, பாஸ் ஆக்குவதாலும் இல்லை. நான் என் காரை அங்கேதான் கொண்டுபோகிறேன். வண்டி பட்டறைக்கு வராமலே பாஸ் போடும் மோசடியும் உண்டு. அதைத் தடுக்க, சோதனை மேடையில் நிற்கும் வண்டியைப் படமெடுத்துப் பதிவேற்றும் முறையை டிவிஎஸ்ஏ ஒத்திகை பார்த்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருப்பது சோதனை பார்க்காத பகுதி. எஞ்சினின் உள்நிலை, கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் எம்.ஓ.டி.யில் இல்லை. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் 2018-க்குப் பிறகு ஃபெயில். ஆனால் எஞ்சின் நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த மூன்று உடன்பிறப்புகளுக்கும் பர்ஸைக் காலி செய்யும் நோய்கள் எல்லாம் அந்த இருட்டில்தான் இருக்கின்றன. முதல் தலைமுறையில் கிளட்ச் சீக்கிரம் தேயும். வண்டியை வாங்கியவர் புதிதாக ஓட்டப் பழகியவராக இருந்தால் இன்னும் சீக்கிரம். தண்ணீர் பம்பு கசியும். டிக்கிக்குள் மழைநீர் இறங்கும்: பின் விளக்குகளைச் சுற்றியுள்ள ரப்பர் கெட்டுப்போய், ஸ்டெப்னி வைக்கும் குழியில் குளம் கட்டி நிற்கும். எம்.ஓ.டி. வரலாற்றில் இதற்கெல்லாம் ஒரு வரி கிடைக்காது. டிக்கியின் விரிப்பைத் தூக்கி மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும்.

கிளட்சுக்கு அந்த யாழ்ப்பாணத்து அண்ணன் சொல்லிக்கொடுத்த சோதனை எளியது. சமதளத்தில் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்த வேண்டும். எஞ்சினின் சத்தம் ஏறி, வேகம் அதோடு ஏறாமல் பின்தங்கினால் கிளட்ச் நழுவுகிறது. வெள்ளி நிற 107-இல் அதைச் செய்து பார்க்கும் நிலை வரவே இல்லை. அண்ணன் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிரேக் குழாயின் மேல் புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வாருங்கள், போவோம்" என்றார். விற்பவர் விலையை இருநூறு பவுண்டு குறைத்துக்கொண்டே கேட் வரை வந்தார்.

கடைசியில் வாங்கியது 2011-ஆம் ஆண்டு அய்கோ ஒன்றை. அதன் வரலாறு பார்வைக்கு 107-ஐவிட மோசம். பல்புக்கு ஃபெயில், ஹேண்ட்பிரேக்குக்கு ஃபெயில், சைலன்சருக்கு ஃபெயில், பின் டயருக்கு ஃபெயில். நண்பர் முதலில் முகம் சுளித்தார். ஆனால் ஒருமுறை வந்த குறை மறு ஆண்டு வரவில்லை. ஒவ்வொரு அட்வைசரியும் அடுத்த சோதனைக்குள் காணாமல் போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் உரிய ரசீதை ஓய்வுபெற்ற செவிலியரான அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையில் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்தார். கிளட்ச் மாற்றியது, தண்ணீர் பம்பு மாற்றியது, 2010-இல் ஆக்சிலரேட்டர் பெடல் ஒட்டிக்கொள்ளும் குறைக்காக டொயோட்டா வண்டிகளைத் திரும்ப அழைத்த கடிதத்தின் நகல்கூட இருந்தது. அவருடைய கார் அதற்குப் பிந்தியது. அந்தக் கடிதம் அவருடைய முந்தைய அய்கோவுக்கு வந்ததாம். அதே மாடலை மறுபடி வாங்கியவர் என்பது அந்தக் கடிதம் தந்த கூடுதல் செய்தி.

டிக்கி விரிப்பைத் தூக்கினோம். ஈரமாகத்தான் இருந்தது. புது ரப்பரும் அரை நாள் வேலையும் என்று அண்ணன் கணக்குச் சொன்னார்; அதை விலையில் கழித்துக்கொண்டோம். சமீபத்தில் அந்தப் பெண் முதன்முறையாகத் தானே எம்.ஓ.டி.க்குக் கொண்டுபோனாள். பாஸ், இரண்டு அட்வைசரி: முன் டயர் ஒன்று, பின் சைலன்சரில் மேலோட்டமான துரு. டயரை அந்த வாரமே மாற்றிவிட்டாள். சைலன்சருக்கு யார் பணம் தருவது என்று அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.